கிளினிக்கில் கேட்ட சாஸ்

எனக்கு அறுபத்தொன்பது வயது. நான்கு பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் பெற்றது. உணவங்காடியில் தட்டு கழுவியே நால்வரையும் ஆளாக்கினேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. இதை நான் அடிக்கடி சொல்வேன். (ரொம்பவே அடிக்கடி என்கிறாள் பேத்தி. நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் தட்டுகிறவள் அவள்தான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் நம்பர் படிக்கத் தெரியும். அதற்கு மேல் எழுத்து எனக்குத் தேவைப்படவில்லை.)

இவ்வளவு பெருமை பேசுகிற நான், ஒருநாள் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு கிளினிக் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன்.

நடந்து சில வருடம் ஆகிறது. வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண். செருப்பு கடித்திருக்கும் என்று மஞ்சள் வைத்தேன். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, ஆறவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையும் உண்டு. ஆனால் அதைக் கத்தியால் நறுக்கிப் பாதிதான் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி மாத்திரை போட்டால் டாக்டரிடம் பாதித் தடவை போனால் போதும் என்பது என் யோசனை. (இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் நான்கு பேரை வளர்த்தேன்.) எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒருவருக்கு இப்படித்தான் விரலில் ஆரம்பித்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் சக்கர நாற்காலியில் லிஃப்டுக்குள் வரும்போதெல்லாம் நான் என் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வேன்.

டாக்டரிடம் போக வழியில்லாமல் இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தருகிற நீலக் கார்டு ஒன்றை என் மகன் விண்ணப்பம் போட்டு வாங்கித் தந்திருந்தான். அதைக் காட்டினால் வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன கிளினிக்கிலேயே செலவு பெருமளவு குறைந்துவிடும். "நீலக் கார்டுதான் இருக்குல்லம்மா, போய்க் காட்டிட்டு வாங்களேன்" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துப்போயிற்று. வீட்டில் எல்லோருக்கும் அது நீலக் கார்டுதான். அதற்கு வேறொரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது.

கார்டை நான் வெளியே எடுக்காததற்குக் காரணம் சம்பந்தியம்மாள், அதாவது என் மருமகளின் தாயார். ஈசூனில் எங்களுக்கு எதிர் புளோக்கில்தான் இருக்கிறார். கல்யாணப் பேச்சின்போது நான் அவரிடம், "எங்க வீட்ல ஆஸ்பத்திரிச் செலவுன்னா யாரையும் எதிர்பாக்கறதில்லீங்க" என்று சொல்லிவைத்தேன். (யாரும் கேட்கவில்லை. அப்போது பேச்சு சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி.) அவரும் விடவில்லை. "எங்க வீட்லயும் அப்படித்தாங்க" என்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் நோயே இல்லாதவர்களாக வாழ்ந்து வந்தோம். எங்கள் புளோக்கின் கீழேயே ஒரு கிளினிக் உண்டு. அவர் மார்க்கெட்டுக்குப் போகிற வழியும் அதுதான். அங்கே நின்று நீலக் கார்டை நீட்டுவதா?

விரல் நிறம் மாறத் தொடங்கியதும் பயம் வந்தது. பயம் வந்தும் பெருமை போகவில்லை. இரண்டையும் கூட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி எம்ஆர்டி ரயில் ஏறி, தெரிந்தவர் கண்ணில் படாத தூரத்தில் இருக்கட்டும் என்று தேக்காவுக்குப் போனேன். கார்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்திருந்தேன். கஞ்சா கடத்துகிறவர்கள்கூட அவ்வளவு வியர்த்திருக்க மாட்டார்கள்.

கிளினிக்கில் நல்ல கூட்டம். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள், நானும்தான். முகம் தெரியாததில் ஒரு நிம்மதி. முன்மேசையில் பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் ஒரு சீனப் பெண். என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி, சாஸ் காட் ஆர் நாட்?"

என் காதில் விழுந்தது 'கேஷ்'. காசு இருக்கிறதா இல்லையா என்கிறாள்! என் புடவையைப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

"காட்! வை நாட் காட்?" என்றேன், பத்துப் பேர் திரும்பிப் பார்க்கும்படி.

"ஓகே ஆன்ட்டி, கிவ் மீ."

டாக்டரின் முகத்தையே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் கொடு என்கிறாள். ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்துத் தடுப்புக்குக் கீழே தள்ளினேன். அவள் திருப்பித் தள்ளினாள்.

"நோ ஆன்ட்டி, நாட் கேஷ். சாஸ்."

"யெஸ், கேஷ்!" மறுபடி தள்ளினேன். "கள்ள நோட்டு இல்லலா!"

நோட்டு இப்படி மூன்று முறை போய்வந்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தமிழ்க்கார அம்மாள் ஒருவர் பொறுக்க முடியாமல் முகக்கவசத்துக்குள்ளிருந்தே சொன்னார்:

"காசு கேக்கலைங்கம்மா. சாஸ் இருக்கான்னு கேக்குறாங்க."

சாஸா?

எனக்குத் தெரிந்த சாஸ் ஒன்றுதான். சிவப்பாக, காரமாக, பொரித்த கோழியோடு சின்னப் பொட்டலத்தில் தருவார்களே, அது. சர்க்கரைக்காரி என்னென்ன தின்கிறாள் என்று டாக்டர் முதலிலேயே சோதித்துவிடுகிறார் போலும், இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அதைவிடக் கொடுமை, என்னிடம் அது இருந்தது. பேரப்பிள்ளைகள் கோழி தின்றுவிட்டு மிச்சம் வைக்கிற பொட்டலங்களை நான் வீணாக்குவதில்லை, பையில் போட்டுக்கொள்வேன்.

மூன்று பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். டாக்டரிடம் பொய் சொல்லக்கூடாது என்று, "எவ்ரிடே நோ. சம்டைம் ஒன்லி" என்றும் சொன்னேன்.

அந்தப் பெண் பொட்டலங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எதையோ தேடுகிறவள் போல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள். கொண்டை மட்டும் தெரிந்தது. அது குலுங்கியது.

எனக்கு உதவி செய்ய அந்த அம்மாள் எழுந்து பக்கத்தில் வந்து, முகக்கவசத்தை இறக்கினார்.

சம்பந்தியம்மாள்.

"ஐயோ, சம்மந்தி! நீங்களா?" என்றார், பக்கத்திலிருந்து என் கண்ணைப் பார்த்ததும்.

பொட்டலங்களைக் கையால் மறைக்கப் பார்த்தேன். ஒரு கைக்கு இரண்டுதான் அடங்கியது.

"சும்மா... புடவை எடுக்க வந்தேங்க" என்றேன், கிளினிக்கில் நின்றுகொண்டு.

"நானும் பூ வாங்கத்தாங்க வந்தேன்" என்றார் அவர், அதே கிளினிக்கில் நின்றுகொண்டு.

பிறகு அவர் தம் பையைத் திறந்து ஒரு துணி உறையை எடுத்தார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நீலக் கார்டு. (நானாவது ஒரு டிஷ்யூவோடு நிறுத்திக்கொண்டேன்.)

"இதுக்குப் பேருதாங்க சாஸ். உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குங்க" என்றேன். "நீங்க எத்தனை நாளா இங்க வர்றீங்க?"

"ரெண்டு வருஷமா, பிரஷருக்கு. நம்ம புளோக்குக் கீழ போனா நீங்க பாத்துருவீங்கன்னுலா!"

முதலில் யார் சிரித்தது என்று இன்னும் எங்களுக்குள் தகராறு. நான் டிஷ்யூவைப் பிரித்துக் கார்டை நீட்டினேன். அந்தப் பெண் மேலே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். பொட்டலங்களை என் பக்கம் நகர்த்தி, "திஸ் ஒன் கவர்மென்ட் நோ ஹெல்ப், ஆன்ட்டி" என்றாள்.

டாக்டர் அறைக்குள் சம்பந்தியம்மாளும் கூடவே வந்தார். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து போட்டுக் கட்டினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்கவேண்டி வந்திருக்கும், இனிமேல் பயமில்லை, ஒழுங்காக வாருங்கள் என்றார். அந்த 'பயமில்லை'யைக் கேட்ட பிறகுதான் இரண்டு வாரமாக நான் சரியாக மூச்சே விடவில்லை என்பது தெரிந்தது. பாதி மாத்திரை விஷயத்தை நான் மறைத்திருப்பேன். சம்பந்தியம்மாள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துப் போட்டுக்கொடுத்துவிட்டார். திட்டு கிடைத்தது. முழு மாத்திரையும் கிடைத்தது. முன்மேசையில் அதே ஐம்பது வெள்ளி நோட்டைக் கொடுத்தேன். இந்த முறை அவள் திருப்பித் தள்ளவில்லை, மீதிதான் கொடுத்தாள். அதில் நானும் அவரும் எதிர்க் கடையில் சீனி போடாத தேநீர் குடித்துவிட்டு, ஒரே ரயிலில் வீடு திரும்பினோம்.

இப்போதெல்லாம் இருவரும் சேர்ந்தேதான் கிளினிக்குக்குப் போகிறோம், எங்கள் புளோக்கின் கீழே, எல்லோரும் பார்க்கிற நேரத்தில். வீட்டில் கோழி வாங்கினால் போதும், என் மகன் ஆரம்பித்துவிடுவான்: "அம்மா, சாஸ் காட் ஆர் நாட்?" மருமகள் உடனே, "நீலமா சிவப்பா அத்தை?" என்பாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சம்பந்தியம்மாள்தான் அநியாயம். தீபாவளிக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்லப் பொட்டலம் ஐந்தாகி, எட்டாகி, போன தீபாவளிக்குப் பன்னிரண்டில் வந்து நிற்கிறது. நடந்தது நடந்தபடி ஒரு இடத்தில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதச் சொன்னேன்.

சரி, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். பத்து விரலும் காற்று வாங்குகிறது. எங்கே கண்ணு, முதல்லேர்ந்து வாசி. பாட்டி மூணு பொட்டலம்னுதான் சொன்னேன், நீ எத்தனை போட்டிருக்கேன்னு பாக்கணும்.