ஆகல்ல அக்காவும் ஒரு லாங்குவேஜ் சண்டையும்

'முடியாது' என்று சொல்லிச் சொல்லியே ஒரு கம்பெனியைக் காப்பாற்றியவர் மைசூரில் ஒருவர்தான் உண்டு. எங்கள் ஆகல்ல அக்கா.

மண்டி மொஹல்லாவில் ஒரு தேங்காய்க் கடைக்கு மேல்மாடியில் எட்டுப் பேர் வேலை பார்த்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பது அக்காவின் வேலை. சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், மஞ்சள் விளையும் ராமாபுரம். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் பதில் கன்னடத்தில் வரும்: "ஆகல்ல." ஆகாது என்று அர்த்தம். காரணம் அப்புறம் தமிழில் வரும். அவர் பையில் டிபன் பாக்ஸோடு ஏழு பழைய போன்கள் இருக்கும். முதலாளி அனுப்பிய பொங்கல் வாழ்த்துப் படத்தைக்கூட ஏழிலும் திறந்து பார்த்துவிட்டு, "மூணாவதுல உங்க தலை வெட்டுப்படுதுங்க சார்" என்றவர்.

ஒருமுறை மஞ்சள் வியாபாரிகள் சங்கம் ஒன்று, அன்றன்றைய விலை பார்க்க ஒரு ஆப் கேட்டது. எந்தப் போனிலும், கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். இது கைநழுவினால் எட்டுப் பேருக்கும் வேறு வேலை கிடையாது. எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது? நான் டார்ட் என்றேன். அப்போதுதான் கற்றிருந்தேன், மளிகைச் சீட்டைக்கூட அதில் எழுதக் கை துறுதுறுத்த காலம். கூட வேலை பார்த்த மகேஷ் ஜாவாஸ்கிரிப்ட் என்றான். மூன்று நாள் கத்தினோம். "உன் லாங்குவேஜ் எங்களுக்கு வேண்டாம்!" என்று அவன் போட்ட சத்தத்தில், கீழேயிருந்து தேங்காய்க் கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, மொழிச் சண்டை வேண்டாமென்று கும்பிட்டார். "பாஷை கலாட்டா பேடப்பா! தமிழ், கன்னடா எல்லா ஒந்தே!"

அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம் சொன்னார். "ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கெழம ஊருக்குப் போறேன். மஞ்சள் போட்டவங்க பாத்துச் சொல்லட்டும்."

திங்கட்கிழமை என்னைப் பார்த்ததும், "ஆகல்ல கண்ணு" என்றார்.

"ஏங்க்கா?"

"உன் பக்கம் தெறக்கறதுக்குள்ள எங்க சித்தப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துட்டாரு. அப்பவும் வெள்ளையாத்தான் கெடந்துச்சு. வெலை கேட்டா வெறுந்தாளக் காட்டுதேங்கறாரு."

"படமெல்லாம் நிறைய ஏத்திட்டேன். குறைச்சா சரியாயிடும்க்கா."

"ஆயிரும். ஆனா இங்க டார்ட் தெரிஞ்சது நீ ஒருத்தன். உனக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தா யாரு சரி பண்றது? ஜாவாஸ்கிரிப்ட்டுன்னா அஞ்சு பேருக்குத் தெரியும்."

மகேஷ் சிரித்தான். அக்கா அவன் பக்கம் திரும்பினார்.

"நீ சிரிக்காத. உன்னுது சட்டுனு தெறந்துச்சு. போனச் சாய்ச்சுப் புடிச்சா வெலைல கடைசி சைபரக் காணோம். பத்தாயிரத்த ஆயிரமாக்கிட்ட. சங்கத்துக்காரங்க தடியெடுத்துட்டு உன்னயத்தான் தேடுவாங்க."

ஜாவாஸ்கிரிப்ட் என்று முடிவானது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் அக்கா முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னது வெளியே கேட்டது: "மொதப் பக்கத்த இவனே எழுதட்டுங்க சார். இவன் எழுதுனாத்தான் அடுத்தவங்களுக்குப் படிச்சாப் புரியுது."

சங்கத்துக்கு அந்த ஆப் பிடித்துப்போயிற்று. இன்றும் ஓடுகிறது. அதை எழுதிய எங்களில் பாதிப் பேர் வேறு இடம் போய்விட்டோம். பின்னால் வந்தவர்கள் பிரித்துப் பார்த்துச் சரிசெய்கிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் நான் தட்டுத்தடுமாறிய அந்த முதல் வாரம் முழுக்க, அக்கா தன் நாற்காலியை என் மேசையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சோதித்துப் பார்க்க அப்போது ஒன்றுமே தயாராகியிருக்கவில்லை.