சோப்பு சாரின் கட்டைவிரல்

"விரலுக்கு என்னாச்சு?" என்று மனைவி கேட்டதும் சோப்பு சார் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"குளியலறைக் கதவுல மாட்டிக்கிச்சு."

சின்னப் பொய்தான். ஆனால் மனைவி காரியக்காரி. சாயங்காலமே தச்சர் வந்து கதவை இழைத்துவிட்டுப் போனார். அதுவரை ஒழுங்காக மூடிக்கொண்டிருந்த கதவு, அதன் பிறகு மூட மறுத்தது. வீட்டில் யார் குளித்தாலும் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியதாயிற்று.

சோப்பு சார் நகராட்சி சுகாதார ஆய்வாளர். கை கழுவாதவர்களைக் கண்டாலே ஆகாது; பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். நெயில் சலூன் என்றால் கேட்கவே வேண்டாம். "ஊரே விரல் விட்ட தண்ணியில நீயும் விடுவியா?" என்று மகளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தவர். அப்பேர்ப்பட்டவரிடம் மேலதிகாரி, 'கை கழுவுவோம்' சுவரொட்டிக்கு உங்கள் கைகளைத்தான் படம் எடுக்கப் போகிறோம் என்றார். சோப்பு சாருக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கும் தெரியாமல் நெயில் சலூனுக்குப் போய்விட்டார்.

போனதுதான் போனார், முன்னெச்சரிக்கையோடு போனார். குளியலறை அலமாரியில் இருந்த நீல ஜிப் பையை, உள்ளே இருந்த நகவெட்டி, அரம் எல்லாவற்றோடும் எடுத்துக்கொண்டார். பையைப் பார்த்ததும் வீட்டு நாய் நொண்டிக்கொண்டே ஓடிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. வாயில்லா ஜீவனுக்குக்கூட நம்மிடம் ஒரு பயம் இருக்கிறதே என்று அவருக்குப் பெருமை.

"உங்க சாமான் ஒண்ணும் என் மேல படக் கூடாதும்மா" என்று சலூன்காரம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் பையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆபீஸ் அலமாரியில் பூட்டினார்.

அவ்வளவு செய்தும் நகச்சுத்து வந்துவிட்டது.

ஊக்கைச் சுட்டுக் குத்திப் பார்த்தார். விரல் இன்னும் வீங்கியது. மறைக்க ஒரு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனார்.

"சோப்பு சாரே கையுறை போட்டிருக்காருன்னா ஊருல என்னவோ பரவுதுய்யா" என்றார் டைப்பிஸ்ட்.

மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்கக் கையுறை. கேன்டீனை மூடிவிட்டார்கள். சோப்பு சார் பட்டினி. கையுறைக்குள் வேர்த்து ஊறி விரல் தக்காளியாகிவிட்டது.

மனைவி அவரைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார். "நெயில் சலூன் எங்கயாவது போனீங்களா?"

"இவரா? அந்தத் தெருவுல போனாலே மூச்சைப் பிடிச்சுக்குவாரு டாக்டர்!" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார்.

கதவு இடித்த காயத்துக்கு வலி மாத்திரையும் இடுப்பில் ஒரு ஊசியும் கிடைத்தன. வலி இரண்டு இடமாயிற்று. மறுபடி தனியாகப் போனபோது கை மணிக்கட்டு வரை சிவந்து, காய்ச்சலும் சேர்ந்திருந்தது. உண்மையைக் கக்கினார்.

"கதவுக்கு வைத்தியம் பார்த்தா சீழ் எப்படி சார் அடங்கும்?" டாக்டரம்மா விரலை மரக்க வைத்து, கீறி, சீழை வெளியேற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார். "பேக்டீரியாவாத்தான் இருக்கும். நகத்தோரத் தோலை அழுக்குச் சாமானால வெட்டினா இப்படித்தான். வலி போச்சுன்னு இந்தப் புது மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில முக்கி, நல்லா துடைச்சுக் காய வைங்க. கையுறையைத் தூக்கிப் போடுங்க."

அழுக்குச் சாமானா? சோப்பு சார் கொண்டுபோன சாமானா? அந்தச் சலூன்காரம்மா அசந்த நேரத்தில் மாற்றியிருக்கிறாள்! அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

சுவரொட்டியில் ஆபீஸ் டிரைவரின் கைகள் ஏறின. அதைப் பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. கட்டுப் போட்ட விரலோடு சலூனுக்குப் போய் நோட்டீஸை நீட்டினார்.

"நாளைக்குக் காலையில கடைக்குச் சீல்."

அந்தம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், அன்னைக்கு என் சாமான் எதையுமே நீங்க தொட விடலையே! இந்தக் கடையை விட்டா எனக்கு வேற பொழைப்பு இல்ல சார்."

"அதெல்லாம் அப்ப யோசிச்சிருக்கணும்."

சொல்லிவிட்டாரே தவிர, தெருமுனை வரைக்கும் அந்த முகம் கூடவே வந்தது. கட்டைவிரல் விண்ணென்று தெறித்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். மானம் போனால் போகட்டும், நீதி ஜெயிக்க வேண்டாமா? மனைவி வாயில் கைவைத்துக் கேட்டாள். "அதுக்கு என் கதவை ஏங்க இழைக்க விட்டீங்க?"

"கதவை விடு. ஊசி குத்தின வலியில சொல்றேன், அந்தக் கடையை மூடாம நான் ஓயமாட்டேன்!"

அப்போதுதான் மகள் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அதன் முன்னங்காலிலும் ஒரு கட்டு.

"அப்பா, அலமாரியில இருந்த நீலப் பையைப் பார்த்தீங்களா? இவனுக்கு நகம் வெட்டுற அந்தச் சாமானாலதான் கால்ல சீழ் வெச்சிருக்காம், உடனே தூக்கிப் போடச் சொல்லிட்டார் நாய் டாக்டர்."