சந்தேகம் சாரும் திரும்பி வந்த மெயில்களும்

தொண்ணூறுகளில் மெட்ராஸில் ஈ-மெயிலை நம்பாதவர்கள் ஏராளம். ஆனால் ஈ-மெயிலைத் துளியும் நம்பாமல், அதைப் பார்த்துக்கொள்வதற்கே சம்பளம் வாங்கியவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். தி.நகரில் நான் வேலை பார்த்த துணி ஏற்றுமதி ஆபீசில் கம்ப்யூட்டர் ரூமைக் கட்டிக் காத்தவர். பெயர் என்னவோ இருந்தது. எங்களுக்கு அவர் சந்தேகம் சார்.

மெயில் அனுப்பிய கையோடு அது போன ஊருக்கு எஸ்.டி.டி. போட்டு, "வந்துச்சா?" என்பார். வந்தது என்றாலும் விடமாட்டார். "எங்க, படி பாப்போம்." அவர்கள் படிக்கப் படிக்க இவர் பிரிண்ட் அவுட்டில் டிக் அடிப்பார். இதற்கு மெயில் எதற்கு என்று அக்கவுண்ட்ஸில் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

மெயில் திரும்பி வந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். "இப்படி ஒரு ஆளே இங்கே இல்லை" என்று ஒரு தடவை அந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் தானாகவே பதில் போட்டது.

"நேத்து வரைக்கும் இருந்தவன் இன்னிக்கு இல்லன்னா இன்னா அர்த்தம்? ஆளை மறைக்கிறானுங்க!"

விசாரித்தால், அந்த ஆள் நிஜமாகவே வேலையை விட்டுப் போயிருந்தார். "பாத்தியா, ஓடிட்டான்!" அன்று முழுக்க மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

இன்னொரு முறை, "மெயில் இன்னும் போய்ச் சேரவில்லை, நாங்களே முயற்சி செய்துகொண்டிருக்கிறோம், நீங்கள் மறுபடி அனுப்ப வேண்டாம்" என்று வந்தது. "இவ்ளோ மரியாதையா எவன் பேசுவான்? இதுல ஏதோ கீதும்மா" என்றார்.

திரும்பி வந்த ஒவ்வொன்றையும், அதோடு போன டிசைன் படங்களோடு, 'சாட்சி' என்று பெயர் கொடுத்து சர்வரிலேயே சேர்த்து வைத்தார். பழைய கம்பெனியில் ஒரு டெலக்ஸ் போகாததற்குப் பழியை இவர் தலையில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "நாளைக்கு மொதலாளி கேட்டா கையில ஆதாரம் வேணாமா?"

அந்தச் சமயத்தில்தான் எனக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் மெயிலில் வரும், உடனே சம்மதம் சொல்லவேண்டும். எனக்கென்று மெயில் ஏது? ஆபீஸ் விலாசத்தையே கொடுத்திருந்தேன். அசட்டுத் தைரியம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து போன். மூன்று முறை அனுப்பியும் திரும்பி வந்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் பதில் இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. நேரே போய் சந்தேகம் சார் முன்னால் நின்றேன்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லணும்."

"வேற வேலை. தெரியும்மா. நீ லஞ்ச்ல பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கினு வந்த அன்னிக்கே எனக்கு டவுட்டு."

முதலில் அவர் சந்தேகப்பட்டது சிங்கப்பூர்க்காரனைத்தான். "டுபாக்கூர் கம்பெனி. மெயிலே போட்டிருக்க மாட்டான்." திரும்பி வந்த செய்தியை ஃபேக்ஸில் அனுப்பச் சொன்னார். வந்தது. மெயிலை வாங்கிக்கொள்ளும் சர்வரில் இடமில்லை என்றிருந்தது. அது எங்கள் சர்வர். மனுஷன் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா எவனும் மெயில் போடல. எல்லாரும் பேசி வெச்சிக்கினாங்கன்னு நெனச்சேன்" என்றார் மெல்ல. டிஸ்க் முழுக்கச் சாட்சி.

"ஃப்ளாப்பியில ஏத்திடலாமா சார்?"

"நூறு ஃப்ளாப்பி வேணும். மணி இப்பவே ரெண்டு, சிங்கப்பூர்ல நாலரை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு வருஷத்துச் சாட்சியை ஒன்று விடாமல் அழித்தார்.

"மொதலாளி கேட்டா என்ன சார் சொல்வீங்க?"

"கேக்கட்டும். நீ போன் போட்டு மறுபடி அனுப்பச் சொல்லு."

பத்தே நிமிஷத்தில் ஆர்டர் வந்தது. சம்மதத்தை அனுப்பிவிட்டு அவரே சிங்கப்பூருக்கு போன் போட்டு, அதை வரிக்கு வரி வாசிக்க வைத்துக் கேட்ட பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

"சம்பளம் ஓவரா கீதும்மா. எவனாவது பாஸ்போர்ட்டைக் கேட்டா குடுத்துடாத. ரூம் கதவுக்குத் தாப்பா சரியா கீதான்னு பாரு. ஒரு மாசம் பாத்துட்டு புடிக்கலன்னா வந்துடு."

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை நம்பி எவ்வளவோ செய்திருக்கிறார்கள். எனக்காக உட்கார்ந்து அப்படிச் சந்தேகப்பட இன்னொருத்தர் கிடைக்கவே இல்லை.