மரை சாரின் இங்கிலீஷ் கார்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு பழைய நட்டு இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது என்றால், அது மரை சாரின் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம்.

விழுப்புரத்தில் நான் குப்பை கொட்டிய அலுவலகத்தில் அவர் எனக்கு சீனியர். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ‘மரை கழன்ட கேஸு’ என்று யாரோ ஆரம்பித்து, வயதுக்கு மரியாதை கொடுத்து ‘மரை சார்’ என்று நின்றது. அவருக்கு வருத்தமே இல்லை. ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு காரால் வந்தது. கிளியனூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த இங்கிலீஷ் கார். கப்பலில் வந்து இறங்கியது. அந்தக் காலத்தில் அதைப் பண்ணையாருக்கு ஓட்டியவர் மரை சாரின் அப்பா. துடைத்த நேரம் போக, பின்சீட்டை அவர் தொட்டதில்லை, பண்ணையார் தொட விட்டதுமில்லை. பண்ணையாரின் பேரன் அதைக் காயலான் கடைக்குப் போடப்போகிறான் என்று கேள்விப்பட்டு மரை சார் ஓடினார். பேரன் பட்டணத்தில் படித்தவன். ஆனாலும் மரை சாரை கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தே வியாபாரத்தைப் பேசி முடித்தான்.

“எங்கப்பாவ பின்னால உக்கார வச்சி, நான் ஓட்டிக்கினு அந்தப் பண்ணை வாசல் வழியா ஒரு ரவுண்டு போவணும்பா” என்றார் எங்களிடம். “வேற ஒண்ணும் வேணாம்.”

அந்த ரவுண்டுக்குக் குறுக்கே நின்றது நட்டு. பாதிக்கு மேல் நட்டும் போல்ட்டும் காணாமல் போயிருந்தன. “இப்ப கடையில விக்கிறதெல்லாம் மில்லிமீட்டர் கணக்குல வெட்டுன மில்லி மரை. இது இஞ்ச் மரை. மொத சுத்து சமத்தா ஏறும். ரெண்டாவது சுத்துல முறைச்சிக்கும்” என்று டீ கொண்டுவரும் ஆள் வரை பிடித்து வைத்துப் பாடம் நடத்தினார். திண்டிவனத்து மெக்கானிக் ஒருவர், “மில்லி நட்டையே ஸ்பானர்ல நாலு அழுத்து அழுத்துனா தானா போய்க்கும் சார்” என்று சொன்ன பாவத்துக்கு, அவர் ஷெட்டில் அரைகுறையாக நின்ற காரை அன்றைக்கே கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டார்.

அதன்பிறகு அவரோடு எங்கும் போக முடியவில்லை. சூப்பிரண்டு மகள் கல்யாணத்தில் பந்தி நடுவே ஆளைக் காணோம். மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: “இது அந்தக் காலத்து மேசைப்பா.” அவர் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மேசையின் ஒரு மூலை இறங்கி, அந்த வரிசைப் பாயசம் அத்தனையும் சம்பந்தியின் மடியில் சேர்ந்தது.

வளவனூரில் பழைய ரைஸ் மில் ஒன்றைப் பிரிக்கிறார்கள் என்று தகவல் வந்தபோது, அவசர துக்கம் என்று லீவு எழுதிக் கொடுத்தார்.

“யாரு தவறிட்டாங்க?” என்றார் சூப்பிரண்டு.

“ஆயில் இன்ஜின் சார்.”

லீவு கிடைக்கவில்லை. அவர் போய்விட்டார்.

அலுவலக வாட்ஸப்பில் எல்லோரும் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்பினால், அவர் நட்டு அனுப்புவார். கிடைத்த ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, முதலில் அப்பாவிடம்தான் காட்டுவார். பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். “கண்ணு சரியா தெரியல அவருக்கு” என்பார் மரை சார்.

ஒருவழியாக கார் எழுந்து நின்றது. ஒரு மில்லி மரை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் திண்டிவனத்துக்கு அழைத்திருந்தார். மாலை, சூடம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், எல்லாருக்கும் கேசரி. பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். மரை சார் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறுப்பா.”

பெரியவர் ஏறவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒனக்கு முன்னால ஒரு பொண்ணு” என்றார். “ஒங்கம்மா நோவு கண்டு துடிக்கிறா. இந்தக் காரு சாவி என் இடுப்புலதான் இருக்குது. ஐயா, ஆஸ்பத்திரி வரைக்கும்னு கேட்டேன். சீட்டு தீட்டாயிடும்னுட்டாங்க. மாட்டு வண்டியில போனோம். வழியிலயே கொழந்த போயிடுச்சு. மறுநா காலையில வந்து இதே சீட்ட தொடச்சேன்.”

மரை சாரின் கை கதவிலேயே இருந்தது. “ஏம்பா எங்கிட்ட சொல்லல?”

“நீ எங்க கேட்ட. தெனமும் நட்டத்தான காமிச்ச.”

பெரியவர் உள்ளே போய்விட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை. கையில் கேசரியை வைத்துக்கொண்டு யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். பிறகு ஒவ்வொருவராக பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தோம்.

அதற்குப் பிறகு மரை சார் நட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. காலை வணக்கத்துக்கு அவரும் ரோஜாப்பூ அனுப்ப ஆரம்பித்தார். எங்களுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காரை பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் வாங்கிக்கொண்டார். பெரியவர் அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். மரை சார் ரிட்டயரும் ஆகிவிட்டார்.

போன மாதம் ஒரு வேலையாக பொம்மையார்பாளையம் போனபோது அந்தக் காரைப் பார்த்தேன். கடலைப் பார்த்து மணலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்ஜினை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் மண் கொட்டிக் காகிதப்பூச் செடி வளர்க்கிறார்கள். உப்புக்காற்றில் கதவெல்லாம் அரித்துவிட்டது. முன் பம்பரைக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒரு ஜோடி பின்சீட்டில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

நான் அங்கே போனது எப்படியோ மரை சார் காதுக்கு எட்டிவிட்டது. போன் வந்தது.

“அந்தப் பக்கம் போனியாமே. நம்ம வண்டி கண்ணுல பட்டுதா?”

“பட்டுது சார்.”

“எவனாச்சும் மில்லி மரை போட்டு கெடுத்துட்டானாப்பா?”

“இல்ல சார்” என்றேன். “எல்லாம் நீங்க போட்ட நட்டுதான். வண்டி நல்லா ஓடிக்கினு இருக்குது.”