அத்தானைத் திருப்பி அழைத்த மனுவும் அப்பாவியான நானும்

கிங்ஸ்பரி, லண்டன்,
12.08.2006

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய சண்முகராசா அத்தானுக்கு, மைத்துனன் ஞானேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு மாலினியும் நானும் நலம். அங்கு வத்சலா அக்காவும் மருமகள் துஷ்யாவும் நலமாயிருக்க வெஸ்ட் ஈலிங் அம்மன் அருள் புரியட்டும். நீங்களும் நலமாயிருக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

துஷ்யா பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்கில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தியாகராஜாவை நிறுத்தப் போகிறீர்களாம். அக்காவோடு கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். தியாகராஜா உங்களோடு பட்மின்ரன் விளையாடுகிறவர். நான் செய்த குற்றம் என்ன? நம் பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவியிலிருந்து உங்களைத் திருப்பி அழைக்க உறுப்பினர்கள் கையெழுத்து மனு கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தது நானா? ஆண்டு விழாவில் பிள்ளைகள் பசியில் அழ அழ, உங்கள் பேச்சு முடியும்வரை சாப்பாட்டைத் திறக்க விடாதது நானா? நான் வெறும் மனு அலுவலர். "மச்சான்தானே, பாத்துக்கொள்ளுவான்" என்று நியமித்ததே நீங்கள். அலுவலரின் கடமையைச் சங்க விதிகளில் எழுதியவரும் நீங்களே: கையெழுத்துப் போடு என்று தூண்டக் கூடாது, போடாதே என்று தடுக்கக் கூடாது, யார் போட்டார் என்று மூச்சும் விடக் கூடாது.

மண்டபம் கிடைக்காமல் மனுவை எங்கள் முன்னறையில் வைத்தேன், அங்கே பிடித்தது சனி. வந்தவர்களுக்கு மாலினி தேத்தண்ணியும் றோல்சும் கொடுத்தாள். உடனே உங்கள் ஆட்கள், "றோல்ஸ் குடுத்துக் கையெழுத்து வாங்கிறான்" என்றார்கள். நிறுத்தினேன். மற்றப் பக்கத்தார், "தலைவற்ரை மச்சான் எல்லோ, அதுதான் தேத்தண்ணியும் தராமல் கலைக்கிறான்" என்றார்கள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வீடு என்று ரெய்னர்ஸ் லேன்வரை பேச்சு. மாலினி அழுதேவிட்டாள். கடைசியில், கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ஆளுக்கொரு றோல்ஸ் என்று கதவில் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு சங்கத்தில் இல்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். ஒருவர், "மனிசியின்ரை கையெழுத்தையும் சேர்த்து நானே கீறிவிடட்டோ?" என்றார். "ஏலாது அண்ணை, அவ வந்துதான் போடவேணும்" என்றேன். அதற்கும் கோபம்.

நீங்கள் செய்தது அதைவிட மோசம். நாள் தவறாமல் போன் எடுத்து, "ஆர் ஆரடா போட்டவை? பேரை மட்டும் சொல்லு" என்று நச்சரித்தீர்கள். கோயிலில் கற்பூரம் காட்டுகிற நேரத்திலும் என் காதுக்குள் அதே கேள்வி. சொல்ல மாட்டன் எண்டால் சொல்ல மாட்டன் அத்தான்! கழுத்தை அறுத்தாலும் இந்த வாயிலிருந்து ஒரு பெயர் வராது. இந்த லண்டனில் இரகசியம் காக்கத் தெரிந்த ஒரே தமிழன் நான்தான் என்பதை எங்கும் சொல்லுவேன்.

நேற்று மனு முடிந்தது. ஒரேயொரு கையெழுத்துக் குறைந்திருந்தாலும் தப்பியிருப்பீர்கள். தப்பவில்லை. இனி நீங்கள் தலைவர் இல்லை. வரும் தேர்தலில் திரும்பவும் நிற்கலாம் என்று அறிவிப்பதும் என் கடமை. ஆனால் தாய்மாமன் பதவிக்கு என்னை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆகவே திருப்பி அழைக்கவும் ஒருவராலும் ஏலாது. சடங்கன்று பட்டுவேட்டியோடு வருவன். தியாகராஜா சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

துஷ்யாவுக்கு மாமாவின் ஆசிகள். அக்காவுக்கு அன்பு. உங்களுக்குக் கோபம் கலந்த மரியாதை.

இப்படிக்கு,
கட்சி சாராத,
ஞானேஸ்வரன்

பி.கு.: அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். தன் கையெழுத்தை எடுத்துவிடச் சொல்லிக் காலையிலிருந்து போன் எடுத்துக்கொண்டிருக்கிறா. போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது என்று விதி எழுதியவர் நீங்கள், நீங்களே அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ.