நல்ல குடும்பத்து சேர்வர்

"அம்மா எந்த ஊர், தம்பி?" என்று கேட்டேன்.

"இணுவில், அண்ணை."

"இணுவிலில எவடம்?"

எதிரே இருந்தவன் ரமணன். கொட்டாஞ்சேனையில் வெப் ஹோஸ்டிங் நடத்துகிறான். என் மனைவி சுமதியின் பலகார வியாபாரத்துக்கு வெப்சைட் தயார். அதை வைத்திருக்க நம்பகமான ஒரு இடம் தேவை. உங்கள் சேர்வர் அடிக்கடி படுக்குமா, படுத்தால் யார் எழுப்புவது என்றெல்லாம் கேட்கும்படி சுமதி சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் கேட்கவில்லை. அதற்குள் அவனுடைய பெரியப்பாவும் என் அப்பாவும் ஒரே பள்ளிக்கூடம் என்று தெரிந்துவிட்டது.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் சுமதி கேட்டாள்: "என்ன மாதிரி?"

"நல்ல குடும்பம்."

"சேர்வர்?"

"அதுவும் வீட்டிலதான் இருக்கு. தாய்க்காரி சரியான கவனம். கேஸ் அடுப்பு பூட்டியிருக்கோ எண்டு ரெண்டு தரம் பாத்திட்டுத்தான் படுப்பாவாம்."

"நாங்கள் என்ன, பொம்பிளை குடுக்கவோ போறம்? வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டைப் பாருங்கோ எண்டெல்லோ சொன்னனான்."

"அவையள ஆருக்குத் தெரியும்? ஒரு பிரச்சினை எண்டால் ஆரின்ர வீட்டுக் கதவைத் தட்டுறது?"

அவள் எழும்பி மா அரிக்கப் போனாள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

சுமதி இந்த வியாபாரத்துக்காக வங்கி வேலையை விட்டவள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் கொழும்பில் இருக்கும் பெற்றோருக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்ப வேண்டும், அவள் சுட்டுக் கொடுக்க வேண்டும். இதுதான் திட்டம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஓடர் திறக்கும் என்று ஊருக்கெல்லாம் அறிவித்திருந்தாள். மா வறுத்து, அரித்து, டின்களில் அடைத்தாயிற்று.

ஞாயிறு ஆறு மணிக்கு வெப்சைட் திறக்கவில்லை.

முதலில் கனடாவிலிருந்து அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா போன் எடுத்தார். "என்னடி, துவங்க முதலே கடையைப் பூட்டிப்போட்டியோ?"

சுமதி போனை வைத்தாள். கத்தவில்லை. மா டின் ஒன்றின் மூடியை இன்னும் இறுக்கி மூடினாள்.

"உங்கட நல்ல குடும்பத்துக்கு எடுங்கோ."

எடுத்தேன். ரமணனின் போன் ஓஃப்.

"கதவைத் தட்டலாம் எண்டனீங்களெல்லோ," என்றாள். "போய்த் தட்டுங்கோ."

ஓட்டோ பிடித்து, வேகமாகப் போகச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று சாரதி சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். சேர்வரைப் பற்றி விளக்குமளவுக்கு என் சிங்களம் போதாது. மனிதர் பாவம், சிக்னல்களைக்கூடப் பார்க்காமல் பறந்தார்.

ரமணன் வீடு மூன்றாம் மாடி. கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. பூட்டிய கதவையும் கொஞ்ச நேரம் தட்டினேன்.

அப்போது தாயும் மகனும் நெற்றி நிறைய விபூதியோடு படியேறி வந்தார்கள்.

"அண்ணை! என்ன இந்தப் பக்கம்? கோயிலுக்குப் போனனாங்கள். பூசை எண்டு போனை ஓஃப் பண்ணிப்போட்டன்."

"சேர்வர் படுத்திட்டுது, தம்பி."

"சீ, அது படுக்காது," என்றபடி கதவைத் திறந்தான். உள்ளே கும்மிருட்டு.

தாய் பழக்கப்பட்ட கையை உயர்த்தி, கதவுக்குப் பக்கத்திலிருந்த மெயின் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. சாமிப்படத்துக்குக் கீழே ஒரு பெட்டி உறுமிக்கொண்டு எழும்பியது.

"அம்மா! மெயினைத் தொடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"வெளிக்கிடேக்க மெயினை நிப்பாட்டாமல் போறதோ? வீடு பத்தி எரிஞ்சால் உன்ர பெட்டியோ வந்து அணைக்கும்? நீங்கள் சொல்லுங்கோ தம்பி."

நான் தலையாட்டினேன். என் அம்மாவும் அப்படித்தான். நானும் அப்படித்தான்.

"பற்றரி இருக்கு, அண்ணை," என்றான் ரமணன், தலையைச் சொறிந்துகொண்டு. "அரை மணித்தியாலம் தாங்கும். இண்டைக்குப் பூசை நீண்டுபோச்சு."

சுமதிக்கு எடுத்தேன்.

"திறந்திட்டுது," என்றாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "லண்டனில இருந்து மூண்டு ஓடர். இன்னும் வருது. இண்டைக்கு இரவு மட்டும் தாங்கினால் போதும். நாளைக்கு நான் வேற இடத்துக்கு மாத்துறன்."

மாற்றப்போகும் விஷயத்தை அங்கேயே சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் தேத்தண்ணி வந்தது. கூடவே சீனி அரியதரமும் வந்தது. பிறகு எப்படிச் சொல்வது?

"வாங்கோ அண்ணை, நானே காரில கொண்டுபோய் விடுறன்," என்றான் ரமணன்.

"நானும் வாறன்," என்றார் தாய். "உங்கட மனுசியிட்ட நேரில ஒரு சொல்லுச் சொல்லோணும். பாவம், எவ்வளவு கவலைப்பட்டிருக்கும்."

ரமணன் முன்னால் இறங்கினான். தாய் கைபிடியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் இறங்கினார்.

"கதவை இழுத்துச் சாத்திவிடுங்கோ தம்பி, தானாப் பூட்டும்," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கடைசியாக வெளியே வந்தவன் நான். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினேன்.