ரெய்னோ காங்கஸின் நிலவறைச் சாளரப் போர்

வாழ்க ரெய்னோ காங்கஸ்! வெண்பனி போர்த்த ஏரிக்கரை டுலூத் நகரின் குன்றுச்சரிவில், கருங்கல் அடித்தளமும் மரச்சுவரும் கொண்ட தொன்மாளிகைக்கு வேந்தனாய், இரும்புத்தாது சுமக்கும் பெருங்கலங்களின் கொதிகலன்களை இளமையெல்லாம் அதட்டி அடக்கியவனாய், பணி ஓய்ந்தபின் தன் நிலவறையில் தன் கையாலேயே தேவதாருப் பலகை இழைத்துச் சவுனா என்னும் நீராவிக் குளியலறையை எழுப்பியவனாய், சனிக்கிழமைதோறும் அதனுள் வெந்து வியர்த்துச் செவ்வொளி வீசி வெளிப்படுபவனாய், கம்பளித்தொப்பி கழற்றாதவனாய், காப்பிக் குவளை கைவிடாதவனாய் விளங்கிய அப்பெருமகன் வாழ்க! மாளிகை என்றேனே, அது என் அன்பு. படியேறினால் கிரீச்சிடும் பழைய வீடுதான் அது.

காற்றே! கண்ணில் படாமலே எல்லார் மூக்கிலும் உரிமையோடு குடியேறுபவளே! இக்காவியம் சொல்ல என் நாவில் வந்தமர்வாய். கொஞ்சம் சுத்தமாக வந்தமர், எனக்கும் தொண்டை சரியில்லை.

கேளுங்கள், போர் மூண்ட காரணத்தை. முதற்பனி விழுந்த நாள் தொட்டே பட்டத்தரசி ஹில்மாவுக்கு இருமல். சாமானிய இருமலா அது! அடுக்களையில் பிறந்து, படிக்கட்டில் எதிரொலித்து, அலமாரியின் பீங்கான் கோப்பைகளைக் கிடுகிடுக்க வைத்து, பக்கத்து வீட்டு நாயையும் குரைக்க வைத்து ஓயும் இடியிருமல்! துணி துவைக்க நிலவறைக்கு இறங்கினால் கூடும், மேலே வந்தால் தணியும். மருத்துவர் நெஞ்சைச் சோதித்து, நுரையீரல் நன்றாக இருக்கிறது, வீட்டுக் காற்றைத்தான் யாரையாவது விட்டுச் சோதியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று மாலையே காப்பி மேசையில் போர்முரசு கொட்டியது.

“கீழ எறங்குனாலே ஈர நாத்தம் கொடலப் பொரட்டுது. எல்லாம் உன் சவுனாதான் கெழவா! வாரா வாரம் கல்லு மேல தண்ணிய ஊத்தி ஊத்தி ஆவியக் கெளப்புனா, பூஞ்சணம் பூக்காம மல்லியா பூக்கும்?” என்று ஹில்மா முழங்கினாள்.

“என் சவுனாவையா சொன்ன? நாக்கக் கடிச்சிக்கோ! உன் அடுப்படிய விட அது சுத்தம்டி!” என்று ரெய்னோ கர்ச்சித்தான்.

“அப்ப ஆளக் கூப்புட்டுச் சோதிப்போம். கீழ பூஞ்சணம்னு வந்தா?”

“வந்தா நானே கடப்பாரையத் தூக்கிச் சவுனாவ இடிச்சுத் தள்ளறேன். போதுமா?”

ஐயகோ, வாய் முந்திக்கொண்டது! பின்லாந்து வழிவந்த அக்குடியில் காப்பி மேசையில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க வழியில்லை. பனிக்கட்டி ஏரியின் நடுவே கப்பல் திணறிய நாளிலும் நடுங்காத நம் வீரன், அன்று மெய்யாகவே பயந்து போனான். அந்தச் சிறு அறையில் உட்கார்ந்தால்தான் அவன் முழங்கால் வலி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அது போய்விட்டால் குளிர்காலத்தை எப்படித் தள்ளுவது? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மனைவி இருமும் இரவுகளில் அவனுக்கும் உறக்கமில்லை. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வூர் ஆண்கள் அதையெல்லாம் சொல்வதில்லை.

பழைய வீடுகளின் மூச்சறிந்த மூதறிவினள், பூஞ்சணத்தின் பகைவி, காற்றைக் கைப்பிடியில் அடைக்கும் கலைவல்லாள், பரிசோதகர் மார்னி ஹோவ்லண்ட் தொலைபேசி வழியே தன் ஆணையைப் பிறப்பித்தாள்:

“சனிக்கிழம மத்தியானம் வர்றேன்மா. முந்தின நாள் காலையிலேர்ந்து ஜன்னல் கதவெல்லாம் மூடியே இருக்கணும். போக வர மட்டும் தெறங்க. ஃபேன் போடாதீங்க, வாசன மெழுகுவத்தி வேணாம், ப்ளீச் ஊத்திக் கழுவவே கூடாது. வீடு எப்பவும் மூச்சு விடற மாதிரியே விடட்டும். தெறந்து வெச்சீங்கன்னா, நான் புடிச்சிட்டுப் போறது உங்க வீட்டுக் காத்து இல்ல, ஏரிக் காத்து!”

அவள் உதிர்த்த கடைசி வாக்கியமே நம் வீரனின் காதில் மந்திரமாய் இறங்கிற்று. போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை காலை வாசற்பனியை வாரிக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமைதோறும் துண்டோடு வந்து அச்சவுனாவில் பங்கு கொள்ளும் அண்டைவீட்டு ஸ்வீடன் வம்சத்து ஆர்விட், வேலிமேல் சாய்ந்து தந்திரம் ஓதினான்.

“டேய், காத்தத்தானே சோதிக்கறாங்க? நல்ல காத்த உள்ள விட்டுத் தொலச்சா தீந்துச்சு! இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற?”

“அந்தப் பொண்ணு மூடி வைக்கச் சொல்லிருக்குடா.”

“அது நார்வேக்காரப் பொண்ணு. அவங்க சொல்றத என்னிக்குடா நாம கேட்டிருக்கோம்?”

இவ்வண்ணம் அறநெறி தவறிய ஆலோசனையால் மதிமயங்கி, கையுறை மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டு, பெருவீரன் நிலவறை புகுந்தான். துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே, ஒரு பூனை நுழைந்தால் அடுத்த பூனை காத்திருக்க வேண்டிய அளவில், துருவேறிய கொக்கியுடன் இருந்தது அச்சாளரம். ஏணிமேல் ஏறினான். கொக்கியை நெம்பினான். கறைபடிந்த கண்ணாடிக் கதவம் அலறித் திறந்தது. சுப்பீரியர் ஏரியின் வாடைக்காற்று, சங்கிலி அறுத்த யானைக்கூட்டமெனப் பிளிறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. முதல் வெற்றி! வீரன் மேலே வந்து ஒன்றும் அறியாதவனாய்ச் செய்தித்தாளை விரித்தான்.

அரசியின் கணுக்கால் அறிந்தது குளிரை. ஒரு சொல் இல்லை, ஒரு முறைப்பு இல்லை. அழுக்குத்துணிக் கூடையை இடுப்பில் ஏந்தி, அவள் இருமிக்கொண்டே இறங்கினாள், கொக்கி கிரீச்சிட்டது, சாளரம் சாத்தப்பட்டது. கூடையில் துணி இல்லை என்பதை நான் மட்டும் பார்த்தேன்.

அதன்பின் நடந்ததை எப்படிச் சொல்வேன்! கொதிகலன் பார்க்கிறேன் என்று அவன் இறங்கித் திறந்தான், ஊறுகாய்க் குப்பி எடுக்கிறேன் என்று அவள் இறங்கி மூடினாள். அவன் திருப்புளியைச் செருகி முட்டுக்கொடுத்தான், அவள் அதைப் பிடுங்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் கொக்கியைத் துணிக்கொடியால் வரிந்து கட்டினாள், அவன் கப்பலில் கற்ற கைவன்மையால் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சவிழ்த்தான். ஏணி ஒளிந்தது, ஏணி கிடைத்தது, ஏணி மீண்டும் ஒளிந்தது. இத்தனைக்கும் நடுவே காப்பியும் குடித்தார்கள், மீன்சூப்பும் உண்டார்கள், வானிலையும் பேசினார்கள், சாளரம் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை! பகைவரோடு பேசிப் போரிடுவது மற்றவர் வழக்கம், பேசாமலே போரிடுவது அக்குடியின் வழக்கம். சாயங்காலம் ஹில்மா ஒரு நாற்காலியைத் தூக்கிப் போய்ச் சாளரத்தின் கீழே போட்டு, பின்னல் ஊசிகளோடு அமர்ந்துவிட்டாள். படியின் உச்சியிலிருந்து எட்டிப் பார்த்த வீரன், இருமி இருமிக் குலுங்கும் அந்த முதுகைக் கண்டு பின்வாங்கினான். “மேல வாடி, கீழ குளிருது” என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனான்.

சனிக்கிழமை புலர்ந்தது. அரசி ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசையும் வேளை பார்த்து, கையெல்லாம் மாவாய் இருக்கையில் அவளால் ஏணி ஏற இயலாது என்னும் நுண்ணிய போர்க்கணக்கோடு, ரெய்னோ இறுதித் தாக்குதல் தொடுத்தான். சாளரம் அகன்றது, வெளியே பனிச்சூறை, உள்ளே மின்விசிறி, நிலவறைக் காற்றனைத்தும் மினசோட்டா மாநிலத்தின் பொதுச்சொத்தாயிற்று. அந்நேரம் பார்த்தா வாசல்மணி அடிக்க வேண்டும்! பரிசோதகர் சொன்ன வேளைக்கு முன்னதாகவே வந்து நின்றாள். வீரன் விசிறியைப் பிடுங்கி, கதவத்தை அறைந்து சாத்தி, முழங்கால் முனக மேலே ஓடினான்.

மார்னி பனிக்காலணி கழற்றி, பெட்டி தூக்கி, தம்பதியர் பின்தொடரப் படியிறங்கி, நின்றாள். துவைக்கும் இயந்திரத்தின் தலையில் வெண்பனி ஒரு சிறு குன்றாய்க் குவிந்திருந்தது.

“பேஸ்மென்ட்டுக்குள்ள பனி பெஞ்சிருக்கே?”

“பழைய வீடும்மா” என்றான் ரெய்னோ.

“ஜன்னல் மூடியே இருந்துச்சா?” அவள் ஹில்மாவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

இதோ, வெற்றி அரசியின் நாவில் வந்து நின்ற கணம்! ஒரு சொல் போதும், வீரனின் மானம் ஏரியில் கரைந்திருக்கும். ஹில்மா மாவுக்கையை ஏப்ரனில் துடைத்தாள். கணவனைப் பார்த்தாள்.

“பழைய வீடுதாம்மா” என்றாள். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்து பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நெடுநேரம் இருமினாள்.

எந்தச் சூறைக்கும் சாயாத நெஞ்சம் அவ்விருமலில் சாய்ந்தது. தொப்பி கழற்றாத ரெய்னோ தொப்பியைக் கழற்றினான்.

“நான்தாம்மா தெறந்தேன். நேத்து பூரா. இன்னிக்கும். பூஞ்சணம்னு வந்தா என் சவுனா போயிடுமேன்னு பயந்துட்டேன். இவ வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லல பாருங்க... சவுனா போனா போய்த் தொலையட்டும். இவ இருமல் நிக்கட்டும்.”

மார்னி பெருமூச்சு விட்டாள். “அப்ப இன்னிக்குக் காத்து எடுத்துப் பிரயோசனம் இல்ல. இன்னொரு நாள் வர்றேன். வந்ததுக்குக் கண்ணால பாத்துட்டுப் போறேன், சவுனாவத் தெறங்க ஐயா.”

ஈரமானியின் கூர்முனைகள் தேவதாருப் பலகையில் பதிந்தன. பெஞ்சின் அடியில், கூரையின் மூலையில், கதவின் சட்டத்தில் பதிந்தன. அடுப்பின் பின்னே கைவிளக்கு நுழைந்து துருவியது. ரெய்னோ கழற்றிய தொப்பியைக் கையில் முறுக்கினான். ஹில்மா, எதிரணித் தலைவி, தன்னையறியாமல் அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வீட்டுலயே காஞ்ச எடம் இதுதான்! குளிச்சதும் என்ன பண்ணுவீங்க?”

“நெருப்ப அணைக்க மாட்டேன். தானா அடங்கற வரைக்கும் எரிய விட்டு, கதவத் தெறந்து வெச்சிடுவேன்.”

“அதான். இதுல பூஞ்சணம் பட்டினி கெடந்து சாவும்.”

எழுந்தது வெற்றி முழக்கம்! “கேட்டியாடி! கேட்டியா! உன் அடுப்படிய விடச் சுத்தம்னு சொன்னேனா இல்லியா!” என்று நம் வீரன் நிலவறை அதிர ஆர்ப்பரித்து, தொப்பியை எறிந்து பிடித்து, அதற்குள் முழங்கால் சுளுக்கிக்கொண்டு, ஆனாலும் ஆர்ப்பரிப்பை நிறுத்தாமல் ஒற்றைக்காலில் நின்று ஆர்ப்பரித்தான். மார்னியோ அவனைக் கவனிக்கவே இல்லை. அவள் விளக்கு படிக்கட்டின் அடியில் போய் நின்றிருந்தது.

அங்கே, கருங்கற்சுவரை ஒட்டி, தரை முதல் படிவரை, சவுனாவுக்கென அறுத்த பிர்ச்மர விறகு அணிவகுத்திருந்தது. பக்கத்தில் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. வெண்பட்டையின் மேல், வெண்பஞ்சுபோல், பச்சைத்தூள்போல், காவிமாவுபோல், வேர்விட்டு விரிந்து குடியிருந்தது, இக்காவியமெங்கும் தேடப்பட்ட பகைவர் பெரும்படை.

“இது பச்ச வெறகு. உள்ள காய வெச்சா அந்த ஈரமெல்லாம் எங்க போவும்? ஒவ்வொரு கட்டையா எடுக்கறப்ப தூளெல்லாம் பறக்குது. இத எப்ப உள்ள கொண்டாந்தீங்க?”

வீரன் முழக்கம் நின்றது. தூக்கிய கால் தரைக்கு வந்தது.

“பனி விழறதுக்கு முன்னாடி” என்றாள் ஹில்மா, குரல் இறங்கி. “நான்தான் கொண்டாரச் சொன்னேன். போன வருசம் வெளிக் கொட்டகைக்கு வெறகெடுக்கப் போயி இந்தக் கெழவன் பனியில வழுக்கி விழுந்து, எந்திரிக்க முடியாமக் கெடந்தான். நான் ஜன்னல்ல பாத்துட்டு ஓடுனேன். உசுரே போயிடுச்சு எனக்கு. இந்த வருசமும் அப்படி விட்டுடுவேனா?”

“விழல. சறுக்குச்சு, அவ்வளவுதான்” என்றான் ரெய்னோ.

“வாய மூடு.”

“சரி.”

அதன்பின்! முகக்கவசம் பூண்டு, கையுறை செறித்து, வேலிதாண்டி வந்த ஆர்விட்டைச் சேனைக்கு முன்னணியாக்கி, விறகுப்படை முழுவதையும் கட்டை கட்டையாய் நாடுகடத்தி, கொட்டகைக் கூரையின் கீழ்ச் சிறைவைத்து, கருஞ்சுவர் துடைத்து, ஈரமுறிஞ்சும் இயந்திரத்தைக் காவலுக்கு நிறுத்தி, பின்னொரு முறை ஒரு பகலும் ஓர் இரவும் சாளரத்தை யாரும் விரலால்கூடத் தீண்டாமல் காத்து, மார்னி காற்றுப் பிடிக்கும் குழலுக்குள் நிலவறைக் காற்றை நேர்மையோடு ஒப்படைத்து, ஆய்வகம் நல்லதென்று சொல்லும்வரை மூச்சைப் பிடித்து, கொட்டகைக்கும் வாசலுக்கும் இடையே இருவரும் கைகோத்து மணல் தூவி, வழுக்காத ராஜபாட்டை அமைத்து, புகைபோக்கியில் வெற்றிக்கொடியெனப் புகை உயர, வெண்பனிக்குன்றுகளும் பெருநீர் ஏரியும் சாட்சியாய், மீண்டும் கல் சிவந்து, நீர் சீறி, ஆவி எழுந்த அப்பொன்னாளில், தம்பதியர் தேவதாரு அரியணை ஏறினர்.

ஹில்மா இருமவில்லை.